வருகைப் பதிவேட்டில் நாற்பது கோடு

அச்சடித்தவன் நாற்பதோடு நிறுத்திக்கொண்டான்.
நாற்பத்தொன்றிலிருந்து
பழைய தேர்வுத்தாளைக் கத்தரித்து
மைதா பசை தடவி ஒட்டியிருக்கிறேன்.
ஆடிக் காற்றுக்கு அந்த வால்
படபடவென்று அடித்துக்கொள்கிறது,
பேர் வாசிக்கும் முன்பே
உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர் என்று.

கப்பலூர், நான்காம் வகுப்பு. மூன்றாம் வகுப்பும் இங்கேதான்.
சுவருக்குப் பதில் ஒரு பீரோ.
அந்தப் பக்கம் மூணாம் வாய்ப்பாடு,
இந்தப் பக்கம் வைகை எங்கே பிறக்கிறது.
பாதிப் பேர் எழுதியிருந்தார்கள்:
'வருசநாட்டு மலை, மூவெட்டு இருபத்திநாலு.'
மார்க் போட்டேன்.

எங்கிருந்து வந்தார்கள் இத்தனை பேர்?
சிட்கோ அரிசி மில்லுக்கு
ஜார்க்கண்டிலிருந்து ரயிலேறியவர்கள்.
கள்ளிக்குடிப் பக்கம் மானாவாரி காய்ந்து
மூட்டை கட்டியவர்கள்.
ஃபீஸ் கட்ட முடியாமல் மஞ்சள் வேனிலிருந்து இறங்கி
டையை மட்டும் இன்னும் கழற்றாதவர்கள்.
கண்மாய் கிடந்த இடத்தில் பிளாட் வாங்கி
கடன் தீராமல் மாடி ஏற்றியவர்கள்.
நானும்தான். மூணாவது தெரு, தண்ணீர் லாரி நிற்கும் வீடு.

காசிமாயன் மனுவோடு வந்தார்.
"டீச்சர், இந்திக்காரப் பிள்ளைகள
வேற எங்கயாச்சும் உக்கார வைங்க.
எம் பயலுக்குக் கால் மடக்க இடமில்ல."
பொய்யில்லை. மூவர் பெஞ்சில் ஐவர்.
ருத்ரேஷ் ஒரு தொடையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.
காசிமாயனுக்கு நாந்தேடில் முறுக்குக் கம்பெனி வேலை, ஒன்பது வருஷம்.
பயலை அங்கே பள்ளியில் சேர்க்கப் போனபோது
அங்குள்ளவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.
சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.
கிடைக்கவில்லை. மனுவை வைத்துவிட்டுப் போனார்.
அதைப் பிரித்துப் படித்தேன்.
இந்தி என்ற சொல்லே அதில் இல்லை.
'கூடுதல் அறை ஒன்று, பெஞ்சு இருபது.'
கீழே என் கையெழுத்தையும் போட்டு மேலே அனுப்பினேன்.

மதியம்.
வந்த முட்டை நாற்பத்தெட்டு, தலை அறுபத்தொன்று.
மஞ்சள்கரு சிந்தாமல்
நூலால் அறுக்கத் தெரிந்த பஞ்சவர்ணத்துக்கு
யாரும் நல்லாசிரியர் விருது தரப்போவதில்லை.

சுமந்தி திர்க்கி, எண் ஐம்பத்தெட்டு.
தாய்மொழி என்ற இடத்தில்
போனில் பட்டியல் இறங்கிக்கொண்டே போனது,
நடுவில் சர்வர் சுற்றியது.
'பிற' என்பதை அழுத்திவிட்டேன்.
பிறகு ஒரு நாள்
பெஞ்சில் இருக்கிற தலைகளை விரல் நீட்டி எண்ணுகிறாள்:
ஒண்டா. எண்ட். மூந்த். நாக்.
சாக்பீஸ் கையிலேயே நின்றது.
என் பல்லைத் தொட்டுக் காட்டினேன்.
'பல்' என்றாள்.
கண்ணைத் தொட்டேன்.
தொண்டைக்குள்ளிருந்து 'ஃகன்' என்றாள்.
"டீச்சர், இவ தமிழத் தப்பாப் பேசுறா!"
ருத்ரேஷ் கத்தினான்.
ஐந்தாவதாகத் தன்னைத் தொட்டபோது மட்டும் 'பாஞ்ச்.'
நாலுக்கு மேல் அவர்கள் வீட்டில்
இந்தியில்தான் எண்ணுவார்களாம்.
அன்றைக்கு வைகையை விட்டுவிட்டேன்.
மூக்கு, காது, தண்ணீர், மழை என்று
மணி அடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.
சிலது ஒட்டியது, சிலது ஒட்டவேயில்லை.

தை பிறந்ததும் மில்லில் ஆள் குறைத்தார்கள்.
தூத்துக்குடி என்று ஒருத்தர் சொன்னார்,
திருப்பூர் என்று இன்னொருத்தர்.
டி.சி. கேட்கக்கூட யாரும் வரவில்லை.
ஐம்பத்தெட்டில் சிவப்பு மையால் கோடு இழுக்கவேண்டும்.
மூன்று நாள் இழுக்கவில்லை.

அவள் இடமா?
ஒரு பீரியட்கூடக் காலியாக இருக்கவில்லை.
கதவோரம் தரையில் இருந்தவள்
பையைத் தூக்கிக்கொண்டு வந்து நுழைந்துவிட்டாள்.
ருத்ரேஷ் முதலில் அசையவில்லை.
அப்புறம் விரல் நீட்டினான்,
ஒண்டா, எண்ட், மூந்த், நாக்,
வந்தவளிடம் 'பாஞ்ச்' என்று முடித்து
இருந்த ஒரு தொடையையும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டான்.
பெஞ்சு கிரீச்சென்றது.

மேலே போன மனுவுக்கு
இன்றுவரை பதில் இல்லை.